நல்ல மல்லாட்டையால் வந்த கெட்ட பெயர்

மேசைமேல் மூன்று கண்ணாடித் தட்டுகள் இருந்தன. மூன்றிலும் கிருமி வெள்ளையடித்தது போல வளர்ந்து மூடியிருந்தது. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நான் தயாரித்த பொருளில் தோய்த்த சின்னக் காகித வில்லை. வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெற்று வளையம் தெரிய வேண்டும். தெரியவில்லை. கிருமி வில்லையை ஒட்டிக்கொண்டு சௌகரியமாக வளர்ந்திருந்தது.

என் ஆராய்ச்சி நெறியாளர் ஒவ்வொரு தட்டாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் எடுத்த போட்டோவைப் பார்த்தார். அதே கிருமி, அதே மாதிரி வில்லை. ஆனால் அதில் நகத்தளவு அகலத்துக்குப் பளிச்சென்று ஒரு வளையம்.

"டீ சாப்பிடறியாம்மா?" என்றார்.

டீ வந்தது. ஆறிய பிறகு, "இந்த போட்டோ நீ எடுத்ததுதானே? இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எதை வேணா வரையறாங்க. அதான் கேட்டேன்" என்றார்.

சார் கோபக்காரராக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவர் சாது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பொய்க்காரி என்றார். குடித்த டீக்கு மரியாதை கொடுத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் என் ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டி கூடும். அதற்குள் வளையம் திரும்பி வந்தால் நான் ஆராய்ச்சி செய்தவள். வராவிட்டால் முடிவை ஜோடித்தவள். நடுவில் வேறு எந்தப் பெயரும் எனக்கு ஒதுக்கப்படவில்லை. "அவங்க கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதாம்மா நான் சொல்ல முடியும்" என்று சார் மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

இயற்கைக்கு டியூஷன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவரும் புண்ணியவான்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வாரநாட்களில் மயிலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துவேன். சனிக்கிழமையும் லீவு நாட்களும் விழுப்புரத்தில் ஆராய்ச்சி. வீடு திண்டிவனத்தில். ஆக, என் வாழ்க்கையில் பெரும்பகுதியை அறிவியலைவிட நெடுஞ்சாலைக்கே அர்ப்பணித்திருக்கிறேன்.

ஆராய்ச்சி என்னவென்றால், பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்குப் புது மருந்து தேடுவது. கிருமிகள் ஏன் அடங்குவதில்லை? அதற்கு நாம்தான் காரணம். மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை இரண்டு வேளைக்கு வாங்கி, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை டிவிமேல் வைத்துவிடுகிறோம். கிருமிக்கு அதைவிட நல்ல பயிற்சி வகுப்பு கிடையாது.

செடிகளுக்கும் கிருமித் தொல்லை உண்டு. அவற்றால் ஓடவும் முடியாது, டாக்டரிடம் டோக்கன் வாங்கவும் முடியாது. அதனால் உடம்புக்குள்ளேயே ஏதாவது காரமான பொருளைத் தயாரித்துக்கொள்கின்றன. அதை நாங்கள் பிரித்தெடுப்போம். எடுத்ததை அப்படியே விட்டால் நாங்கள் படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்? இங்கே ஒரு வால் ஒட்டுவோம், அங்கே ஒரு கொம்பைச் சீவுவோம். கிருமியின் கொழுப்புத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற மாதிரி மாற்றிப் பார்ப்போம். கோடிக்கணக்கான வருடம் அனுபவம் உள்ள இயற்கைக்கு, சனிக்கிழமை மட்டும் வருகிற நான் டியூஷன் எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சார் ஆரம்பத்தில் ஏதாவது மலைமேல் வளரும் அபூர்வ மூலிகையை எடுக்கச் சொன்னார். அபூர்வமாக இருந்தால் கட்டுரை நல்ல இடத்தில் அச்சாகும். என் பஸ் மலைமேல் போகாது. நான் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்துக்கொண்டேன். உறவுக்காரர்கள் விசாரித்தார்கள், சொன்னேன். "மல்லாட்டையா? அத்த வறுத்துத் தின்றதுதான, அதுல என்னா ஆராய்ச்சி?" என்றார்கள். அதன்பிறகு கல்யாண வீடுகளில் என் படிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது ஒரு நிம்மதி.

மல்லாட்டையிலிருந்து எடுத்த பொருளை ஏழு விதமாக மாற்றினேன். ஆறு உருப்படவில்லை. ஏழாவது, புண் சீழிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு முரட்டுக் கிருமியைச் சுற்றி வளையம் போட்டது. அந்த வளையத்தைத்தான் போட்டோ எடுத்தேன். சார் அப்போது அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

'நல்ல நிலை'

முதலில் வாங்கிய மல்லாட்டை மூட்டை தீர்ந்தது. இரண்டாவது மூட்டை வாங்கி அதே ஏழாவது பொருளைச் செய்தேன். வளையம் இல்லை. மூன்றாவது மூட்டை. இல்லை. நான்காவது. அதைத்தான் நீங்கள் மேசைமேல் பார்த்தீர்கள்.

மனிதர் குற்றம் சாட்டக்கூடிய எல்லாவற்றையும் குற்றம் சாட்டினேன். விழுப்புரம் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். கரைப்பானை மாற்றினேன். கிருமி கிழடாகிவிட்டதோ என்று புதிதாக வளர்த்தேன், அது முன்னைவிடத் தெம்பாக வளர்ந்தது. ஒரு வாரம் கரண்ட் கட்டைச் சந்தேகப்பட்டேன். மல்லாட்டையை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் நோட்டில் இருந்தது.

எங்கள் ஆய்வக நோட்டில் 'மாதிரியின் நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாரும் 'நல்ல நிலை' என்று எழுதுவார்கள். பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டிலிருந்து வந்த பழக்கம். சோதனை செய்யாமலேயே விடை எழுதி, பென்சிலில் படம் வரைந்து, 'சரி' என்று கையெழுத்து வாங்கிப் படித்தவர்கள் நாம். கட்டம் என்று இருந்தால் அதில் நல்லதாக ஒரு வார்த்தை எழுதத்தான் கை போகும். என் நோட்டில் நான்கு மூட்டைக்கும் 'நல்ல நிலை' என்றே இருந்தது.

உனக்கே ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். ஞாபகத்தை நம்பாதே, நோட்டை நம்பு என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நான் நன்றாகப் படித்த மாணவி.

பொறுக்கி எடுத்தது

மல்லாட்டை எனக்குக் கிடைத்தது அஞ்சலை அக்காவிடமிருந்து. மயிலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் அவரும் அவர் வீட்டுக்காரர் ஏழுமலையும் ஒன்றரை ஏக்கரில் பயிர் வைக்கிறார்கள். அவர்கள் மகள் என் வகுப்பில் படித்து முடித்துப் போனவள். மகளின் டீச்சர் என்பதால் நான் அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷி. நான் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்துப் போடுவார்கள்.

சார் டீ வாங்கிக் கொடுத்த அடுத்த வாரம் போனில் சொல்லிவிட்டுப் போனேன். கடைசியாக ஒரு மூட்டை வாங்கி முயன்று பார்ப்போம் என்றுதான். அஞ்சலை அக்கா களத்து ஓரமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடிமேல் முறம். முறத்திலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்துப் புரட்டிப் பார்த்து, சிலதைச் சாக்கிலும் சிலதைப் பின்னால் ஒரு குவியலிலும் போட்டுக்கொண்டிருந்தார். ஈர மண் வாசனை அடித்தது.

"வாங்க மேடம், குந்துங்க. உங்களுதுதான் பாத்துக்கினு கீறேன். இன்னும் ரெண்டு மொறந்தான்."

"என்ன பாக்கறீங்கக்கா?"

"சொத்த, மொளவுட்டது, பூசணம் புடிச்சது எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான குடுக்கணும்? காலேஜிக்குப் போற சாமான். நாலு படிச்சவங்க கை வெச்சிப் பாப்பாங்க. வெதைக்குக்கூட இப்டி நான் பாத்ததில்ல."

"எப்பவும் இப்படிப் பாத்துத்தான் குடுப்பீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் கட்டிலில் படுத்திருந்த ஏழுமலை அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "எங்க எப்பவும்? மொத வாட்டி நான்தான மேடம் குடுத்தேன். இவ செஞ்சிக்குக் கல்யாணத்துக்குப் பூட்டா. மழையில நனஞ்சி கெடந்த மூட்டையத் தூக்கிக் குடுத்தேன். அதுக்கு ஒரு வாரம் எனக்கு வூட்ல பேஜாரு."

"நீ சும்மா கெட" என்றார் அக்கா. "இத்தினி நாளு கழிச்சி அத்த சொல்லி மானத்த வாங்கு."

எனக்கு அப்போதுதான் அந்த முதல் மூட்டை ஞாபகம் வந்தது. நோட்டில் எழுதியிருந்த மாதிரி இல்லாத மூட்டை. கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறும்போதே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கண்டக்டர் திட்டினார். விழுப்புரத்தில் கொண்டுபோய் மூலையில் வைத்தேன். அடுத்த நாளிலிருந்து பூஜை விடுமுறை. திரும்பி வந்து அவிழ்த்தால் காய்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பஞ்சு பூத்திருந்தது. சார் பார்ப்பதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்படியே ஓட்டோடு அரைத்துவிட்டேன். வெட்கமாக இருந்ததால் கட்டத்தில் 'நல்ல நிலை' என்று எழுதினேன்.

எதிரி வந்தால்தானே ஆயுதம் செய்வார்கள்? நனைந்து உயிர்பெற்ற பருப்பில் பூசணம் ஏறியபோது, மல்லாட்டை தன் பங்குக்குச் சண்டை போட்டு ஒரு பொருளைத் தயாரித்திருக்கிறது. நான் வாலை ஒட்டியது அதற்கு. காய்ந்து சுத்தமாக இருந்த பருப்பில் அந்தப் பொருளின் சாதுவான தம்பிதான் இருந்தது, அதற்கும் அதே வாலை ஒட்டிவிட்டு வளையத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். அஞ்சலை அக்கா மரியாதை காட்டக் காட்ட, என் மருந்து செத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த முறத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது.

கூலிக்குக் கொடுத்தது

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை ஆயப் போனவர். செடியிலிருந்து காயை ஆய்ந்து போட்டால், கூலியையும் காயாகவே அளந்து கொடுப்பார்கள். அளப்பவர் எப்போதும் குவியலின் ஈரமான ஓரத்தில்தான் படியை வைப்பார். சொத்தையும் முளைவிட்டதும் எங்களுக்கு. இதெல்லாம் ஒரு சட்டம் மாதிரி நடந்தது, யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒருநாள் அம்மா முந்தானையில் வாங்கியதை அப்படியே களத்தில் கொட்டிவிட்டு, "இத்த நீங்களே தின்னுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அந்த நிலத்தில் அவருக்கு வேலை இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. வீட்டில் அன்றைக்கு வெறும் கேப்பைக் கூழ்தான். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை, ஆனால் அம்மா பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே குடித்தார்.

அந்த அம்மாவின் மகளுக்கு ஒரு நிலக்காரப் பெண்மணி கண்ணாடி போட்டுக்கொண்டு காய் காயாகப் பொறுக்கி முதல்தரத்தைக் கொடுக்கிறார். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"அக்கா, எனக்கு அந்தப் பின்னால இருக்கற குவியலைக் குடுங்க."

அஞ்சலை அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "இன்னா மேடம், வெளாடறீங்களா?"

"நெசமாத்தான்."

"அத்த மாட்டுக்கே நாங்க போடறதில்ல. உங்களுக்குக் குடுத்தன்னு ஊர்ல தெரிஞ்சா என்னா பேசுவாங்க? பொண்ணப் படிக்க வெச்ச டீச்சருக்கு சொத்தயக் கட்டிக் குடுத்தா பாருன்னு சொல்ல மாட்டாங்க?"

பூசணம், சண்டை, ஆயுதம் என்று விளக்கிப் பார்த்தேன். கல்லூரியில் நான் இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி மேடம். ஆனா நான் குடுக்க மாட்டேன்" என்றார்.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். வளையத்தை நானாக வரைந்தேன் என்று சார் நினைக்கிறார், அடுத்த மாதம் நாலு பேருக்கு நடுவில் என் பேர் கெடப் போகிறது என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் வெட்கம் இல்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "உங்களையா பொய் சொல்றீங்கன்னாரு?"

"நேரா சொல்லல. டீ வாங்கிக் குடுத்து கேட்டாரு."

"அது இன்னும் மோசம்" என்றார். பிறகு எழுந்து இன்னொரு சாக்கைக் கொண்டுவந்தார். "எங்க வாங்கனதுன்னு கேட்டா எம் பேரச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொத்தையை அள்ளிப் போட்டார். வாயைக் கட்டுவதற்கு முன்னால் முதல்தரக் காய்களை இரண்டு கை அள்ளி மேலே பரப்பினார். வழியில் யாராவது அவிழ்த்துப் பார்த்தால் அவர் மானம் காப்பாற்றப்பட வேண்டும் அல்லவா? ஊரில் வியாபாரிகள் ஏமாற்றுவதற்குச் செய்வதை, அக்கா கௌரவத்துக்காகச் செய்தார். ஏழுமலை அண்ணன் மூட்டையைத் தோட்டத்துப் பின்பக்கமாகவே தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

வளையம்

இந்தத் தடவை கட்டத்தில் 'மோசமான நிலை. பூசணம், முளை, நாற்றம்' என்று எழுதினேன். பழைய பக்கத்தில் இருந்த 'நல்ல நிலை'யை அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் நோட்டில் பொய் என்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

வளையம் வந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் தனியாக அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு ஆக வேண்டியதைப் பார்த்தேன். பூசணத்தின் விஷம்தான் கிருமியைக் கொல்கிறதோ என்று அந்தப் பூசணத்தை மட்டும் சோற்றில் வளர்த்து, அதையும் அதே மாதிரி மாற்றிச் சோதித்தேன். வளையம் இல்லை. நல்ல காய்களை ஊறவைத்து, பருப்பைக் கீறி, நானே பூசணத்தைத் தடவினேன். வளையம் வந்தது.

சார் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். டீ வாங்கிக் கொடுக்கவில்லை. "நான் அப்பவே நினைச்சேம்மா, சாம்பிள்லதான் ஏதோ கோளாறுன்னு" என்றார். கமிட்டியில் அதையே 'நாங்கள் ஆரம்பத்திலேயே ஊகித்தோம்' என்று பன்மையில் சொன்னார். நான் அந்தப் பன்மைக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

மருந்து எப்போது கடைக்கு வரும் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். வாசகியம்மா, ஏழாவது பொருள் கிருமியைக் கொல்கிறது. அளவு கொஞ்சம் கூடினால், கிருமி புகுந்த உடம்பின் செல்லையும் கொல்கிறது. அந்தப் பாரபட்சமற்ற குணத்தை மாற்ற இப்போது பன்னிரண்டாவது வால் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை முழுசாகச் சாப்பிடுங்கள்.

நன்றிப் பக்கம்

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் இருந்தாக வேண்டும். நன்றிப் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதினேன். செய்முறையில் 'பூசணம் தாக்கிய மல்லாட்டை, திண்டிவனம் வட்டாரம்' என்று மட்டும் இருக்கும், பேர் இருக்காது. நன்றிப் பக்கத்தில் 'முதல்தர மல்லாட்டையைக் காய் காயாகப் பொறுக்கித் தந்த அஞ்சலை அக்காவுக்கு' என்று இருக்கும்.

சார் அதைப் படித்துவிட்டு, "நல்ல காயிலதான் ஒண்ணுமே வரலையே, அதுக்கு ஏன் நன்றி? அந்தக் கெட்டதைக் குடுத்தது யாரு?" என்றார்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

பைண்டு போட்ட ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அஞ்சலை அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, அந்த வரியை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அந்த சாரு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டாரா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"ஒரு வார்த்தகூட?"

"ஒரு வார்த்தகூட கேக்கல."

அக்கா உள்ளே போனார். முறத்தைத் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. இரண்டு பைகளோடு வந்தார். பெரியதை என் மடியில் வைத்தார். "இது உங்களுக்கு. உங்க அம்மாவுக்கு அவிச்சிக் குடுங்க."

சின்னதைக் கையில் கொடுத்தார். "இது அந்த சாருக்கு. யாரு குடுத்தான்னு இனிமே யாரு கேட்டாலும் எம் பேரையே சொல்லுங்க. மயிலத்து அஞ்சலை குடுத்தான்னு சொல்லுங்க."

பஸ்ஸில் அந்தச் சின்னப் பையை அவிழ்த்துப் பார்த்தேன். அடியிலிருந்து வாய்வரைக்கும் சொத்தை. மேலே பரப்புவதற்கு ஒரு நல்ல காய்கூட வைக்கவில்லை.